பல்லில் கறையா, சொத்தையா?

நம் சங்கத்துக் குடும்பங்களில் பலருக்குப் பூர்வீகம் கேரள எல்லைதான். சிலர் பாலக்காடு மாவட்டத்தின் கிழக்கே கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதிப் பக்கத்தவர்கள். சிலர் இடுக்கியில் மூணாறு, தேவிகுளம், பீருமேடு தேயிலைத் தோட்டங்களில் இருந்து வந்தவர்கள். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளிடமும் பழுப்பேறிய பற்களைக் காணலாம். பார்வைக்கு ஒன்று போலத் தோன்றினாலும் இரண்டும் ஒரே நோய் அல்ல. பாலக்காட்டுக் கிழக்கில் பெரும்பாலும் தண்ணீர் காரணம். மலையில் சர்க்கரை காரணம்.

முதலில் பாலக்காட்டைப் பார்ப்போம். சித்தூர் தாலுகாவின் கிழக்குப் பகுதி மழை குறைந்த பூமி. ஆழ்குழாய்க் கிணறுகளை நம்பியே பலர் வாழ்ந்து வந்திருக்கிறார்கள். கீழே இருப்பது கடினப் பாறை. அதிலுள்ள சில கனிமங்களிலிருந்து ஃப்ளூரைடு என்னும் உப்பு மெல்ல மெல்லத் தண்ணீரில் கரைகிறது. ஆழம் கூடி, நீர் பாறையோடு நெடுங்காலம் தங்கினால் இதன் அளவும் கூடக்கூடும். ஒரு லிட்டரில் 1 மில்லிகிராம் வரை நல்லது, வேறு வழியில்லாவிட்டால் 1.5 வரை போகலாம் என்பது இந்தியத் தர நிர்ணயம். இப்பகுதிக் கிணறுகள் பலவற்றில் அதற்கு மேலும் கண்டிருக்கிறார்கள்.

ரயில்வேயில் நீராவி என்ஜின் ஓடிய நாளில் தண்ணீரைச் சோதித்த பிறகே கொதிகலனில் விடுவோம். உப்பு மிகுந்தால் குழாய்களில் படிவு கட்டிவிடும். என்ஜினுக்குப் பார்த்த அளவுகூட நாம் குழந்தைக்குப் பார்ப்பதில்லை.

நிலைப்பற்களின் எனாமல், பல் முளைப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஈறுக்குள் உருவாகிறது. ஏறத்தாழ எட்டு வயது வரை குடிக்கும் நீரில் ஃப்ளூரைடு மிகுந்தால் எனாமல் சரியாக இறுகாமல் நுண்துளைகளோடு நிற்கும். பல் முளைக்கும்போதே சுண்ணாம்பு பூசியது போல் வெள்ளைக் கோடுகள் தெரியும். பிறகு அவை பழுப்பேறும். பல் துலக்காததால் வந்த கறை என்று பிள்ளையைத் திட்டுவதும், செங்கல் பொடியும் கரியும் கொண்டு தேய்க்கச் சொல்வதும் இதனால்தான் வீண். கறை உள்ளே இருக்கிறது. தேய்த்தால் எனாமல்தான் போகும். வாயைக் கையால் மூடிக்கொண்டு சிரிக்கும் பெண் குழந்தையை, அவள் செய்யாத குற்றத்துக்கு நாம் தண்டிக்கிறோம்.

இது புதிய நோயும் அல்ல. ஷார்ட் என்ற மருத்துவரும் உடன் பணியாற்றியவர்களும் அன்றைய சென்னை மாகாணத்து நெல்லூர் மாவட்டத்தில் இதைக் கண்டு 1937இலேயே எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் மெக்கே என்ற பல் மருத்துவர், இத்தகைய பழுப்புப் பற்கள் சொத்தையை நன்றாகவே எதிர்க்கின்றன என்று கவனித்தார். 1931இல்தான் காரணம் ஃப்ளூரைடு என்று தெரிந்தது. மிகுந்தால் கறை, அளவாக இருந்தால் காவல்!

இனி மலைக்கு வருவோம். ஓடை நீரில் பொதுவாக ஃப்ளூரைடு மிகக் குறைவு. ஆகவே அந்தக் காவல் அங்கே கிடைப்பதில்லை. லயங்களில் தாய்மார் விடியற்காலையிலேயே கொழுந்து பறிக்கப் போய்விடுவார்கள். பிள்ளைக்குச் சர்க்கரை தூக்கலான தேநீரும் பிஸ்கட்டும், மாலையில் கடை மிட்டாயும். வாயிலுள்ள கிருமிகள் சர்க்கரையைச் சில நிமிடங்களில் அமிலமாக்கிவிடுகின்றன. எனாமல் கரையத் தொடங்குகிறது. அதை உமிழ்நீர் சரிசெய்ய அரைமணி நேரமாவது ஆகும். அதற்குள் மறுபடி ஒரு மிட்டாய் என்றால் பல்லுக்கு ஓய்வே இல்லை. எவ்வளவு இனிப்பு என்பதைவிட எத்தனை தடவை என்பதே முக்கியம். தேயிலையிலும் ஃப்ளூரைடு உண்டு என்று சிலர் வாதிப்பார்கள். உண்மைதான், ஆனால் கூடவே கரண்டி கரண்டியாகச் சர்க்கரை போட்டுக் கொடுத்தால் என்ன பயன்?

அடையாளம் காண்பது அவ்வளவு கடினமில்லை. ஃப்ளூரைடு கறை வலமும் இடமும் ஜோடிப் பற்களில் ஒரேபோல், குறுக்குக் கோடுகளாக வரும். சொத்தை, கடைவாய்ப் பல்லின் குழியிலோ இரு பற்களின் இடுக்கிலோ தொடங்கிப் பள்ளமாகும். பிறகு கூச்சமும் வலியும் வரும். ஒரே வாயில் இரண்டும் சேர்ந்திருப்பதும் உண்டு. சந்தேகமிருந்தால் பல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பால்பல் விழத்தானே போகிறது என்று சொத்தையை விட்டுவிடக் கூடாது. வலியால் பிள்ளை சாப்பிடாது, தூங்காது, அடியில் வளரும் பல்லும் கெடலாம்.

கோடை விடுமுறைக்கு ஊர் போகும்போது ஒரு காரியம் செய்யலாம். கிணற்று நீரைச் சுத்தமான பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்து (கண்ணாடி வேண்டாம்) கேரள நீர் ஆணையத்தின் மாவட்டப் பரிசோதனைக்கூடத்தில் கொடுத்து அளவு கேளுங்கள். மிகுதி என்றால் காய்ச்சுவதால் குறையாது. நீர் ஆவியாக, மிச்சத்தில் அடர்த்தி கூடவே செய்யும். சாதாரண வடிகட்டியும் பயன்படாது. ஆர்.ஓ. கருவி குறைக்கும். நாகபுரியின் நீரி நிறுவனம் வகுத்த நல்கொண்டா முறையில் படிகாரமும் சுண்ணாம்பும் அளவாகச் சேர்த்துத் தெளிய வைப்பார்கள். குடிக்கவும் சமைக்கவும் மட்டும் மழைநீரோ சித்தூர்ப் புழைக் குழாய் நீரோ கிடைத்தால் அதுவே எளிது.

பற்பசையையும் ஊர் பார்த்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். மலைப் பிள்ளைக்கு ஃப்ளூரைடு பசை அவசியம். மூன்று வயது வரை அரிசி அளவு, பிறகு பட்டாணி அளவு, இரவில் படுக்குமுன் ஒரு தடவை கட்டாயம். கிழக்குச் சித்தூரில் மிகுதியான நீர் குடிக்கும் சிறு பிள்ளை பசையை விழுங்கும் வயதில் இருந்தால், எந்தப் பசை என்று மருத்துவரைக் கேட்டு வாங்குங்கள்.

கறை படிந்து வளர்ந்துவிட்ட பிள்ளைகளுக்கும் வழி இருக்கிறது. மேற்பூச்சு, மெல்லிய உறை என்று பல் மருத்துவக் கல்லூரிகளில் செய்கிறார்கள்.