நினைவும் கருவியும்

ஒருநாள் மாலை மட்டாஞ்சேரி யூதத் தெருவில் என் கைப்பேசியின் மின்னூட்டம் தீர்ந்துவிட்டது. வீட்டிற்குச் செய்தி சொல்லியாக வேண்டும். மிளகுக் கடைக்காரர் ஒருவர் தம் கைப்பேசியை நீட்டி, "நம்பர் பறயூ, மோனே" என்றார். நான் வாயடைத்து நின்றேன். நாள்தோறும் அழைக்கும் அன்னையின் எண் எனக்குத் தெரியவில்லை! அன்று அடைந்த நாணமே இக்கட்டுரைக்குக் காரணம்.

நான் நின்ற தெருவிலேயே இதற்கோர் எடுத்துக்காட்டு உண்டு. 1957-இல் தோன்றிய இந்திய மிளகு, நறுமணப் பொருள் வணிகச் சங்கத்தின் கூடத்தில் முன்பேர வணிகம் நெடுங்காலம் கூவியே நடைபெற்றது. பல குரல்கள் ஒருசேர ஒலிக்க, தமக்குரிய விலையைச் செவியாற் பிரித்தறிந்து, மனத்தாற் கணக்கிட்டு, நொடியில் முடிவு செய்தல் வேண்டும். பின்னர்க் கணிப்பொறி வந்தது, கூச்சல் அடங்கிற்று. விலை திரையில் தெளிவாகத் தெரியலாயிற்று. ஆதாயம் பெரிதே, ஆயினும் அந்தச் செவிக்கும் மனத்திற்கும் இருந்த பயிற்சி போயிற்று.

நம் முன்னோர் நினைவையே கல்வியின் அடித்தளமாகக் கொண்டனர். திண்ணைப் பள்ளிச் சிறுவர் எண்சுவடியை மனப்பாடமாக ஒப்பித்தனர். நாஞ்சில் நாட்டு இடலாக்குடியிற் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் (1874–1950), 1907-இல் சென்னையில் ஒரே அவையில் நூறு செய்திகளிற் கருத்தைச் செலுத்திச் சதாவதானி எனப் பெயர் பெற்றார்.

அறிவியல் யாது கூறுகிறது? 2011-இல் பெட்சி ஸ்பாரோ என்னும் உளவியலாரும் அவர்தம் துணைவரும் 'சயன்ஸ்' இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். தாம் தட்டெழுதிய செய்திகளைக் கணிப்பொறி காத்து வைக்கும் என நம்பியோர், அவை அழிந்துவிடும் என நம்பியோரைக் காட்டிலும் குறைவாகவே நினைவிற் கொண்டனராம். அதே ஆண்டில் வெளிவந்த மற்றோர் ஆய்வு, இலண்டன் நகரத் தெருக்களைப் பல்லாண்டு பயின்று தேறிய டாக்சி ஓட்டுநர்களின் மூளையில் நினைவுக்குரிய பகுதி வளர்ந்திருந்ததைக் காட்டியது. ஆகவே, பயிற்சி மூளையை வளர்க்கிறது. காத்து வைக்க வேறொன்று உண்டென்றால் மனம் முயல்வதில்லை.

அங்ஙனமாயின் கருவியை வெறுத்தல் வேண்டுமா? வேண்டியதில்லை. எழுத்தே நினைவைக் கெடுக்கும் என்று பிளேட்டோவின் நூலொன்றில் சாக்கிரட்டீசு கவலைப்படுகிறார். அக்கவலை நம்மை வந்தடைந்ததும் எழுத்தினால் அன்றோ! தொலைபேசி எண்களையும் தேதிகளையும் கருவியிடம் ஒப்படைக்கலாம். ஆனால், கற்ற பொருளையே ஒப்படைத்துவிட்டால் சிந்தனை எதைக் கொண்டு நடைபெறும்? இரண்டு கருத்துகள் ஒன்றையொன்று கண்டு மூன்றாவது ஒன்று பிறக்க வேண்டுமானால், அவ்விரண்டும் ஒரே மனத்தில் குடியிருத்தல் வேண்டும்.

எனவே நண்பர்களே, விடையைத் தேடுமுன் ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள். படித்ததை ஏட்டை மூடிவிட்டுச் சொல்லிப் பாருங்கள். அன்னையின் எண்ணையும் மனத்தில் பதித்து வையுங்கள். நான் பதித்துவிட்டேன்.