ரோல்ஸ் ராய்ஸ்: அன்றும் இன்றும்

கேள்வி: தோட்டத்துரைமார் காலத்து ரோல்ஸ் ராய்ஸுக்கும் இன்றையதற்கும் பெயரைத் தவிர ஏதாவது பொருத்தம் உண்டா?
- வாசகர், மாத்தளை

பதில்: முகப்பும், 1911 முதல் அதன்மேல் நிற்கும் சிறகுப் பெண்ணும் மாறவில்லை. உள்ளே எல்லாமே வேறு. முன்பு கம்பனி எஞ்சினையும் சேசியையும் செய்து தரும். வாங்குபவர் தன் விருப்பப்படி வேறு பட்டறையில் பொடி கட்டிக்கொள்வார். 1965இல் வந்த சில்வர் ஷேடோ சேசியையும் பொடியையும் ஒன்றாக்கியது. நான்கு சக்கரங்களுக்கும் டிஸ்க் பிரேக், பாரத்துக்கேற்ப உயரத்தைச் சரிசெய்யும் சிட்ரோயன் நுட்பம் ஆகியவையும் வந்தன. தோற்றத்தில் கம்பீரம் குறைந்தது என்று முணுமுணுத்தவர்கள் உண்டு, ஓட்டம் மேம்பட்டது. 2003 முதல் ஜெர்மனியின் பிஎம்டபிள்யூவே உரிமையாளர். 2023இல் வந்த ஸ்பெக்டர் முழு மின்சாரக் கார். பார்ப்பதற்குப் பழையது, மாத்தளை மலைப்பாதையில் ஓட்டுவதற்குப் புதியதே நல்லது.