தையல் ஆலையில் நாள் பிடிப்பது எப்படி?

சொந்த டிசைனில், சொந்த லேபிளில் ஆடை தைத்து விற்க முற்படும் சிறு வணிகர்கள் நம் புதுவையில் உண்டு. மளிகைக் கடைக்காரர்களும் கடைப் பெயர் அச்சிட்ட துணிப்பை தைக்கக் கொடுக்கிறோம். 1898-இல் தொடங்கிய நமது ஏ.எஃப்.டி. ஆலை 2020-இல் மூடப்பட்டுவிட்டது. பெரிய ஆர்டர் என்றால் திருப்பூர், ஈரோடு பக்கம்தான் போக வேண்டியுள்ளது.

அங்கே ஆலைக்காரர் நமக்கு விற்பது இயந்திரத்தின் நேரத்தை. பண்டிகைக்கு முதல் வாரம் மாவு மில்லில் வரிசை நிற்பதை நாம் அறிவோம். தையல் ஆலையிலும் அதே நிலைதான். துணி வாங்குவதற்கு முன்பே நாளைப் பிடிக்க வேண்டும்.

எத்தனை நாள் தேவை? ஒரு கணக்கு பார்ப்போம். ஒரு சட்டைக்குத் தையல் நேரம் 24 நிமிடம். தையற்காரர் 20 பேர். வேலை 8 மணி நேரம். ஒரு நாளைக்கு மொத்தம் 9,600 நிமிடம். நூல் அறுதல், துண்டு எடுத்து வைத்தல் போன்றவற்றுக்குப் பாதியைக் கழித்தால் மிச்சம் 4,800. அதாவது நாளுக்கு 200 சட்டை. புது டிசைனில் கை பழகும் வரை, முதல் இரண்டு நாள் 100 வீதமே வரும் என்று வைத்துக்கொண்டால், 1,000 சட்டைக்கு 6 நாள். வெட்டு, காஜா பட்டன், செக்கிங், அயர்னிங், பேக்கிங் ஆகியவற்றுக்கு இன்னும் 6 நாள். ஞாயிறு விடுமுறையும் சேர்ந்து இரண்டு வாரம்.

இனித் தீபாவளியிலிருந்து பின்னோக்கி எண்ணுவோம். கடையில் விற்க 30 நாள், லாரிக்கு 2, ஆலைக்கு 14, துணியும் சாயமும் வர 21, மாதிரி பார்த்துத் திருத்த 10. ஆக 77 நாள். ஆடியிலேயே பேசி முடிப்பது நல்லது. பண்டிகை நெருங்கினால் தொழிலாளர் ஊருக்குப் புறப்படுவார்கள். விட்ட நாளைப் பிடிக்க முடியாது. தீபாவளி கழித்து வரும் சரக்கில் முடங்குவது நம் முதல்.

தையலுக்கு முந்திய வேலையிலும் தாமதம் வரும். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் திருப்பூர்ச் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, வெளி மாநிலங்களுக்குத் துணியை அனுப்பிச் சாயம் ஏற்ற வேண்டியதாயிற்று. சாயம் ஏறிய துணி கைக்கு வரும் தேதி உறுதியான பிறகே தையல் தேதியைக் குறிக்க வேண்டும்.

முன்பணம் கொடுத்ததாலேயே இடம் உறுதியாகிவிடாது. கீழ்க்கண்டவற்றை எழுத்தில் வாங்குவோம்:

1. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை தையற்காரர்.
2. துணி, பட்டன், லேபிள் நாம் சேர்ப்பிக்கும் கடைசி நாள். தவறினால் அடுத்த இடம் எப்போது.
3. கையெழுத்திட்ட மாதிரி, இரு தரப்பிலும் ஒவ்வொன்று.
4. வேலையை வேறு யூனிட்டுக்கு மாற்றினால் முன்கூட்டித் தெரிவிப்பது.
5. வெட்டிய எண்ணிக்கை, வந்த எண்ணிக்கை, கழிவு ஆகியவற்றின் கணக்கு.
6. முன்பணம், வெட்டு முடிந்ததும் ஒரு பகுதி, செக்கிங் முடிந்ததும் மீதி.

ஜாப் ஒர்க்குக்கு அனுப்பும் துணிக்கு டெலிவரி சலான் அவசியம். ஜி.எஸ்.டி. சட்டப்படி அது ஓராண்டுக்குள் திரும்ப வேண்டும்; இல்லையெனில் விற்பனையாகக் கருதி வரி கேட்பார்கள்.

முதல் முறை செய்பவர்கள் 200 உருப்படியோடு தொடங்கலாம். ஆலை சொன்ன தேதிக்கும் சரக்கு வந்த தேதிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்து வைத்தால், அடுத்த ஆர்டரில் எத்தனை நாள் கூட்டிப் பிடிப்பது என்று தெரிந்துவிடும்.