காற்று ஓசிதான், முதல் ஓசியில்லை

பூதப்பாண்டியிலிருந்து ஆரல்வாய்மொழிப் பக்கம் போனால் முப்பந்தல் தாண்டியும் காற்றாலைதான். அதைப் பார்த்தே வளர்ந்த ஊர்க்காரர்கள் காற்றாலைப் பங்கு வாங்கும்போது சில நம்பிக்கைகளையும் சேர்த்தே வாங்கிவிடுகிறார்கள்.

நம்பிக்கை: காற்று ஏமாற்றுவதுதான் பெரிய ஆபத்து.

ஒரு வருஷம் தென்மேற்குப் பருவக்காற்று மந்தமானால் வருமானம் குறையும், நிஜம். ஆனால் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று படுப்பதற்கும் மும்பையில் சந்தை சரிவதற்கும் சம்பந்தமில்லை. பல தொழில்களில் பணத்தைப் பிரித்துப் போட்டவருக்கு இந்த நஷ்டம் வேறெங்கோ ஈடாகிவிடும். மந்தக் காற்றை வருமானக் கணிப்பில் கழித்துக்கொள்ளலாம். மூலதனச் செலவில், அதாவது முதல் போட்டவர்கள் கேட்கும் வருமானத்தில், ஏற்றக் கூடாது. பொருளாதாரம் முழுவதோடும் சேர்ந்து ஆடும் ஆபத்துக்குத்தான் அங்கே இடம். பீட்டா என்று அளப்பது அதைத்தான்.

நம்பிக்கை: காற்றாலை நடத்துபவருக்கும் செய்து விற்பவருக்கும் ஒரே ஆபத்து.

நடத்துபவர் பெரும்பாலும் பல வருஷ ஒப்பந்தத்தில் விலையை முடித்துவிடுகிறார். மின்வாரியப் பணம் தாமதமாவதுதான் அவருடைய தலைவலி. செய்து விற்பவரின் ஆர்டரோ அடுத்தவரின் வங்கிக் கடனையும் வரிக் கணக்கையும் நம்பியிருக்கிறது. 2012-ல் முதலாண்டுத் தேய்மானச் சலுகை 80 சதவீதத்திலிருந்து 15 ஆனது. நாட்டில் புதிதாக நிறுவிய காற்றாலைத் திறன் ஏறக்குறைய பாதியாயிற்று. காற்று அந்த வருஷமும் அடித்தது.

நம்பிக்கை: கடன் மலிவு, பெரிய கம்பெனி எவ்வளவு வாங்கினாலும் மூலதனச் செலவு இறங்கும்.

இதுதான் ஆளை அடிப்பது. கணக்குக்காக, கடனில்லாத ஒரு கம்பெனியின் பீட்டா 0.8 என்று வைப்போம். அரசுப் பத்திர வட்டி 7 சதவீதம், பங்குச்சந்தையில் அதற்குமேல் எதிர்பார்ப்பது 6 என்றால், பங்குதாரர் கேட்பது 11.8. பாதி முதலை 9 சதவீதக் கடனாக மாற்றினால், வட்டிக்கான 25 சதவீத வரி மிச்சம் போகக் கடனின் அடக்கம் 6.75. சராசரி 9.3-க்கு இறங்கிவிட்டது என்று துள்ளுவார்கள். ஆனால் கடன் ஏறியதும் பீட்டா 1.4 ஆகிறது, பங்குதாரர் 15.4 கேட்கிறார்; சராசரி 11.1. மிஞ்சியது 0.7தான். கடன் இன்னும் ஏறினால் வட்டியும் ஏறும், அதுவும் போய்விடும்.

காற்றாலை செய்து விற்கும் சுஸ்லானைப் பாருங்கள். 2007-ல் பெருங்கடனோடு ஜெர்மனியின் ரீபவர் கம்பெனியை வாங்கியது. 2008 நெருக்கடியில் உலகெங்கும் கடன் வறண்டது, ஆர்டரும் வறண்டது. 2012 அக்டோபரில் சுமார் 20 கோடி டாலர் வெளிநாட்டுப் பத்திரங்களுக்குப் பணம் கொடுக்க முடியவில்லை. சென்வியோன் என்று பெயர் மாறியிருந்த ரீபவரை 2015-ல் 100 கோடி யூரோவுக்கு விற்றது. 2023-ல் 2,000 கோடி ரூபாய்க்குப் புதுப் பங்கு விற்றுத்தான் கடனிலிருந்து மீண்டது.

அதன் மூலதனச் செலவை இன்று கணக்கிடுபவர் பழைய வருஷங்களின் பீட்டாவை அப்படியே எடுத்தால், தீர்ந்துபோன கடனையும் சேர்த்தே எடைபோடுகிறார்.