ஃபேன் சுற்றுவது சான்று அல்ல

ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வாசகர் எழுதியிருக்கிறார். கல்லூரியில் சேர்ந்திருக்கும் மகனுக்காக வீட்டில் கிடந்த பழைய கம்ப்யூட்டரை ஓட வைக்க நினைத்து, செகண்ட் ஹேண்டில் எச்110 மதர்போர்டு (தாய்ப்பலகை) ஒன்றை வாங்கினாராம். நண்பர் கொடுத்த 8ஆம் தலைமுறை ஐ3 ப்ராசசரைப் பொருத்தி சுவிட்சைப் போட்டால் ஃபேன் சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை. விற்றவரைக் கேட்டால், "ஃபேன் சுத்துதுல்ல சார், போர்டு நல்லாத்தான் இருக்கு" என்கிறார். தெருமுனை மெக்கானிக்கோ "போர்டு டெட்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். யாரை நம்புவது என்று கேட்கிறார் வாசகர்.

இருவரையும் நம்ப வேண்டாம். ஃபேன் சுற்ற 12 வோல்ட் மின்சாரம் வந்தால் போதும். ப்ராசசர் ஒரு கட்டளையைக்கூடப் படிக்காத போர்டிலும் அது சுற்றும். திரை இருண்டு கிடப்பதால் மட்டும் போர்டு செத்துவிட்டது என்றும் ஆகாது. உங்கள் விஷயத்தில் கோளாறு போர்டில் இல்லாமல் இருக்கவே வாய்ப்பு அதிகம். எச்110 சிப்செட் இன்டெலின் 6, 7ஆம் தலைமுறை ப்ராசசர்களுக்கானது. 8, 9ஆம் தலைமுறைக்கு எச்310 போன்ற 300 வரிசை போர்டு வேண்டும். இரண்டுக்கும் சாக்கெட்டின் பெயர் எல்ஜிஏ 1151தான். முள் எண்ணிக்கையும் ஒன்றே என்பதால் ப்ராசசர் தடையில்லாமல் போய் உட்காரும், ஆனால் ஓடாது. 6ஆம் தலைமுறை ப்ராசசர் ஒன்றை இரவல் வாங்கிப் போட்டுப் பாருங்கள். 7ஆம் தலைமுறையும் ஓடும்தான். ஆனால் போர்டில் இருக்கும் பயாஸ் (சுவிட்சைப் போட்டதும் முதலில் ஓடும் அடிப்படை நிரல்) அதற்கேற்ற பதிப்பாக இருக்க வேண்டும்.

பழைய போர்டைச் சோதிப்பதற்கு அடிப்படை விதி இதுதான்: மேசை மேல் சந்தேகத்துக்குரிய பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்க வேண்டும். ப்ராசசர், ராம், எஸ்எம்பிஎஸ் (மின்வழங்கிப் பெட்டி), மானிட்டர் எல்லாம் வேறொரு கம்ப்யூட்டரில் நன்றாக ஓடிக்கொண்டிருந்தவையாக இருக்கட்டும். மூன்று பழைய பொருள்களை ஒன்றாகச் சேர்த்துப் போட்டுவிட்டு எது கெட்டது என்று தேடினால் எந்த வல்லுநராலும் சொல்ல முடியாது.

இப்போது சந்தையில் பழைய போர்டுகள் மலிந்து கிடப்பதற்குக் காரணம் உண்டு. 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான பாதுகாப்பு ஆதரவை மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11, பெரும்பாலும் இன்டெல் 8ஆம் தலைமுறைக்கு முந்தைய ப்ராசசர்களை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. அதனால் அலுவலகங்கள் கழித்துக்கட்டும் எச்61, எச்81, எச்110 போர்டுகள் கடைக்கு வருகின்றன. இவற்றில் பல, குறை எதுவும் இல்லாமலே கழிக்கப்பட்டவை. அதே குவியலில்தான் பழுது பார்த்துத் தேற்றிய போர்டுகளும் கலந்திருக்கும். 2011இல் வந்த எச்61 சிப்செட்டை வைத்து இப்போது செய்து, பெட்டி போட்டு "புதுசு" என்று விற்கும் பெயர் தெரியாத போர்டுகளும் உண்டு. வாரண்டி கையில் இருந்தால் அவற்றை வாங்குவதில் தவறில்லை.

டெல், எச்பி, லெனோவோ நிறுவனங்களின் அலுவலகக் கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய போர்டுகளில் கூடுதல் கவனம் வேண்டும். வழக்கமான 24 முனை மின் இணைப்புக்குப் பதில் இவற்றில் பலவற்றுக்கு 6, 8, 14 முனைகள் கொண்ட தனி இணைப்பு. உங்களிடம் இருக்கும் எஸ்எம்பிஎஸ் பொருந்தாது. மாற்று கேபிள் தேட வேண்டியிருக்கும். சாதாரண கேபினெட்டில் திருகுத் துளைகளும் சேராமல் போகலாம். முன்னாள் முதலாளி போட்ட பயாஸ் பாஸ்வேர்டு அப்படியே இருந்தால் அது தனித் தலைவலி. கடையிலேயே பயாஸ் திரையைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

போர்டைக் கெடுப்பவை எவை? முதலில் வெப்பம். எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டருக்குள் (மின்தேக்கி) இருக்கும் திரவம் வருடக்கணக்கான சூட்டில் வறண்டுவிடும். அடுத்தது வோல்டேஜ் ஏற்ற இறக்கம். மூன்றாவது ஈரம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் ஸ்ரீரங்கத்தில், ஐப்பசி கார்த்திகை மழையில் பழைய வீடுகளின் சுவர் ஓதம் காக்கும். அந்தச் சுவரை ஒட்டி வருடக்கணக்கில் நின்ற கம்ப்யூட்டரின் போர்டில் பச்சைக் களிம்பு ஏறியிருப்பதைப் பார்க்கலாம். பல்லியையும் மறந்துவிட வேண்டாம். சூடு தேடி கேபினெட்டுக்குள் புகுந்து, மின்முனைகளுக்குக் குறுக்கே கிடந்து, தானும் செத்துப் போர்டையும் முடித்துவிடும்.

ஆகவே மின்சாரம் கொடுப்பதற்கு முன் கண்ணால் பாருங்கள். பகல் வெளிச்சமும் செல்போன் கேமராவின் ஜூமும் போதும். கெப்பாசிட்டரின் தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ பழுப்புக் கசிவு தெரிந்தாலோ அந்தப் போர்டை வைத்துவிடுங்கள். ப்ராசசர் சாக்கெட்டின் மூடியைத் திறந்து, போர்டைப் பல கோணங்களில் சாய்த்து முட்களைப் பாருங்கள். நல்ல சாக்கெட்டில் வெளிச்சம் சீராக ஓடும். ஒரு முள் வளைந்திருந்தாலும் அந்த இடம் மட்டும் கறுத்தோ மின்னியோ காட்டிக்கொடுத்துவிடும். சிப்செட்டைச் சுற்றிப் பிசுபிசுப்பான பளபளப்பு இருந்தால், யாரோ வெப்பக் காற்று அடித்துத் தேற்றியிருக்கிறார்கள் என்று பொருள். ஸ்லாட்டுகளின் அடியில் வண்டல் படிந்திருந்தால் அது வெள்ளம் பார்த்த போர்டு. எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

இனி சோதனை. போர்டைக் கேபினெட்டுக்குள் மாட்டாமல், காய்ந்த அட்டைப் பெட்டியின் மேல் வையுங்கள். இரும்புக் கட்டில், ஸ்டீல் மேசை கூடாது. போர்டு சுற்றி வந்த சாம்பல் நிற உறையின் மேல் வைத்தும் மின்சாரம் கொடுக்கக் கூடாது. அத்தகைய உறைகள் சிலவற்றின் மேற்பரப்பு மின்சாரத்தைக் கடத்தும். எர்த் சரியாக உள்ள மூன்று முள் பிளக்கிலிருந்தே மின்சாரம் எடுங்கள். கேபினெட்டைத் தொட்டால் கையில் சுரீரென்று அடிக்கிறதா? போர்டைச் சந்தேகிப்பதற்கு முன் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு வீட்டின் எர்த்தைப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதலில் எஸ்எம்பிஎஸ். அதைப் போர்டிலிருந்து பிரித்து, ஒரு ஃபேனோ பழைய ஹார்ட் டிஸ்கோ மட்டும் மாட்டி, 24 முனை இணைப்பில் பச்சை ஒயரையும் ஒரு கறுப்பு ஒயரையும் சிறு கம்பியால் இணைத்தால் ஓடத் தொடங்கும். மல்டிமீட்டரில் மஞ்சள் ஒயர் 11.4 முதல் 12.6 வோல்ட் வரையிலும், சிவப்பு 4.75 முதல் 5.25 வரையிலும், ஆரஞ்சு 3.14 முதல் 3.47 வரையிலும் காட்ட வேண்டும். இந்த எல்லைக்குள் வராத எஸ்எம்பிஎஸ்ஸை வைத்துப் போர்டைச் சோதிப்பது, போர்டையும் சேர்த்து இழக்கும் வழி. எஸ்எம்பிஎஸ் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கியிருக்கலாம்.

அடுத்து ப்ராசசரும் ஹீட்சிங்கும் (வெப்பத்தை வாங்கி வெளியேற்றும் உலோகத் தகடுகள்). தெர்மல் பேஸ்ட் ஒரு பட்டாணி அளவு போதும். "ஒரு நிமிஷம்தானே" என்று ஹீட்சிங்க் இல்லாமல் ஓட்டிப் பார்ப்பதை அடியோடு விடுங்கள். ப்ராசசருக்கு அருகில் 4 அல்லது 8 முனைகள் கொண்ட தனி 12 வோல்ட் இணைப்பு இருக்கிறது. அதை மாட்ட மறந்தாலும் இதே கதைதான்: ஃபேன் சுற்றும், படம் வராது. "டெட்" என்று வரும் போர்டுகளில் இப்படிப்பட்டவையும் உண்டு.

இப்போது ராம் எதுவும் போடாமல், ஒரு சின்ன பீப் ஸ்பீக்கரை மட்டும் மாட்டுங்கள். பவர் சுவிட்சுக்கான இரண்டு முட்களை ஸ்க்ரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டு விடுங்கள். விட்டுவிட்டு நீண்ட பீப் ஒலி வந்தால் நல்ல செய்தி. ராம் இல்லை என்று போர்டு முறையிடுகிறது. முறையிட வேண்டுமானால் ப்ராசசர் உயிரோடு இருக்க வேண்டும், பயாஸ் ஓட வேண்டும். இந்தச் சோதனைக்கு மானிட்டர்கூடத் தேவையில்லை என்பதால் கடையில் நின்றபடியே செய்துவிடலாம். பிறகு அணைத்து, மின்சாரத்தைத் துண்டித்து, ஒரே ஒரு ராம் போட்டு, மானிட்டரை இணைத்து மறுபடி தொடங்குங்கள்.

படம் வரவில்லையா? பதற வேண்டாம், இரண்டு நிமிடம் காத்திருங்கள். புது ராமைக் கண்ட சில போர்டுகள் தாமாகவே இரண்டு மூன்று முறை அணைந்து எரிந்துவிட்டுத்தான் படம் தரும். அதற்கும் மசியவில்லை என்றால் மின்சாரத்தைத் துண்டித்து, சிஆர்2032 பேட்டரியைக் கழற்றி, சிமாஸ் (பயாஸின் அமைப்புகளை நினைவில் வைக்கும் பகுதி) அழிக்கும் ஜம்பரை ஒருமுறை இணைத்து எடுங்கள். ராமை அடுத்த ஸ்லாட்டுக்கு மாற்றிப் பாருங்கள். ப்ராசசரின் பெயரில் கடைசியாக 'எஃப்' எழுத்து இருந்தால் அதில் கிராஃபிக்ஸ் கிடையாது. தனி கார்டு இல்லாமல் படம் வரவே வராது. ரைசன் 3600, 5600 போன்றவையும் அப்படித்தான். ஒரு நொடி ஓடி, அணைந்து, மறுபடி ஓடி அணைகிறது என்றால் மட்டும் நிறுத்திவிடுங்கள். போர்டில் எங்கோ ஷார்ட் இருக்கலாம். மேலும் மேலும் மின்சாரம் கொடுத்தால் ப்ராசசருக்கும் ஆபத்து.

மல்டிமீட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ப்ராசசரைச் சுற்றியுள்ள காயில்களில் மின்தடை மிகக் குறைவாகக் காட்டுவது இயல்பு. அதைப் பார்த்து ஷார்ட் என்று தீர்மானித்து நல்ல போர்டைத் தூக்கி எறிய வேண்டாம்.

படம் வந்துவிட்டது என்றால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். வெப்பக் காற்று அடித்துத் தேற்றிய போர்டும் படம் காட்டும். சில நாளில் படுத்துவிடும். எனவே பென் டிரைவில் மெம்டெஸ்ட்86+ ஏற்றி, ஒவ்வொரு ராம் ஸ்லாட்டிலும் ஒரு முழுச் சுற்றாவது ஓட விடுங்கள். ஒரே ஒரு பிழை வந்தாலும் அதே ராமை வேறு போர்டில் போட்டுச் சரிபார்த்த பிறகே முடிவுக்கு வாருங்கள். பிறகு உபுண்டுவையோ, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸையோ பென் டிரைவிலிருந்தே நேரடியாக ஓட்டி, யுஎஸ்பி துளைகள், ஒலி, சாட்டா, நெட்வொர்க் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். நெட்வொர்க் துளையை விட்டுவிடாதீர்கள். இடி மின்னலின்போது கேபிள் வழியாக அடி வாங்கி, அது மட்டும் செத்துப்போன போர்டுகள் உண்டு. இரண்டு மணி நேரமாவது வீடியோ ஓடட்டும். திருச்சியில் கத்திரி வெயில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டுவது வழக்கம். குளிரூட்டிய கடையில் சமர்த்தாக ஓடிய போர்டு, மாடி அறையில் மதியம் இரண்டு மணிக்கு உறைந்து நிற்பதில் வியப்பில்லை.

இரவு மின்சாரத்தைத் துண்டித்து வைத்துவிட்டுக் காலையில் முதல் முயற்சியிலேயே எழுகிறதா என்று பாருங்கள். சூட்டில் ஓடி, ஆறினால் எழாத போர்டில் சிப்செட்டின் அடியில் ஈயப்பற்று விரிசல் விட்டிருக்கக்கூடும். தேதியும் நேரமும் பின்னால் போயிருந்தால் பெரும்பாலும் பேட்டரிதான். புதிய சிஆர்2032 போட்டால் தீர்ந்தது.

வீட்டு வைத்தியங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ராமின் பொன்னிற முனைகளை வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துகளைத் துடைப்பதில் குற்றமில்லை. உப்புத்தாள் போட்டால் பூச்சே போய்விடும். போர்டை பெட்ரோலிலோ தின்னரிலோ கழுவாதீர்கள். தண்ணீரில் அலசி மொட்டை மாடியில் காயப்போடுவதும், ஓவனில் வைத்துச் சூடேற்றுவதும் வேண்டாம். சுத்தம் செய்ய 99 சதவீத ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் மென்மையான பிரஷ்ஷும் போதும். சானிடைசர் அதற்கு மாற்று அல்ல.

கடைக்குப் போகும்போது உங்கள் ராமையும் பென் டிரைவையும் எடுத்துப் போங்கள். அரை மணி நேரம் கேளுங்கள். அதற்கு முகம் சுளிக்கும் கடையில் வாங்காமல் திரும்புவதே நல்லது. மலிவு என்று சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்களும் அங்கேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள். இரவு மலைக்கோட்டை எக்ஸ்பிரஸில் ஏறிய பிறகு போர்டைத் திருப்பித் தருவது லேசில் ஆகிற காரியம் இல்லை. பில்லில் போர்டின் சீரியல் எண்ணும், எத்தனை நாள் டெஸ்டிங் வாரண்டி என்பதும் எழுத்தில் இருக்கட்டும். சாக்கெட் மூடி இல்லாத போர்டைக் கையில் வாங்காதீர்கள். பேருந்தில் ஒரு விரல் பட்டாலும் முள் வளைந்துவிடும்.

எல்லாம் செய்தும் எழாத போர்டு, திருப்பித் தரவும் வழியில்லை என்றால், சிப்செட் மாற்றும் செலவைக் கேட்டுப் பாருங்கள். போர்டின் விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடலாம். அதைக் குப்பையோடு சேர்க்கவோ, செம்புக்காக எரிப்பவரிடம் கொடுக்கவோ வேண்டாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் மின்னணுக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பதிவு பெற்ற மறுசுழற்சி நிறுவனத்திடமே அது சேர வேண்டும். ப்ராசசரையும் பேட்டரியையும் மட்டும் முதலில் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள்.