பெரிய எண்ணைக் கண்டால்: கணக்குப் படிக்க வரும் பிள்ளைகளுக்கு

கும்பகோணம் சாரங்கபாணி சன்னதித் தெருவில் ராமானுஜன் வளர்ந்த வீட்டைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளைகள் 1729 பற்றித்தான் கேட்கிறார்கள். நான் கொடுப்பது வேறொரு எண்: 6746328388800. ஆறு லட்சத்து எழுபத்து நாலாயிரம் கோடிக்கு மேல். 1915இல் லண்டன் கணிதச் சங்க இதழில் வந்த அவருடைய நீண்ட கட்டுரையில், ஒரு பட்டியலின் கடைசி எண் அது.

1. முதலில் சின்ன எண்ணில் கை பழகட்டும். நம் பக்கத்துப் பழைய நெல் அளவையில் ஒரு கலம் 96 நாழி. 96ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள், அதாவது காரணிகள், 12. ஒரு நாளுக்கு 60 நாழிகை. 60க்கும் காரணிகள் 12தான். சிறியதாக இருந்தும் அத்தனை காரணிகளை வைத்திருப்பதால் பெருமை 60க்கே. தன்னைவிடச் சிறிய எந்த எண்ணையும்விட அதிகக் காரணிகள் கொண்ட இப்படிப்பட்ட எண்களைத்தான் ராமானுஜன் தேடினார்: 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று போகும் அவர் பட்டியல்.

2. நீளத்தைப் பார்த்து மலைக்காதீர்கள். பகா எண்களாக உடையுங்கள்:
6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23.

3. காரணிகளை ஒவ்வொன்றாக எழுதி எண்ண வேண்டாம். ஒவ்வொரு அடுக்கோடும் 1 கூட்டிப் பெருக்குங்கள்: 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 10080. ஏன் 1 கூட்டுகிறோம்? 2ஐ எடுக்காமலே விடலாம். ஒன்று முதல் ஆறு முறை வரை எடுக்கலாம். ஆக ஏழு வழி. இந்தக் காரணம் தெரியாமல் உருப்போட்டது பரீட்சை முடிந்ததும் மறந்துவிடும்.

4. உடைத்ததை உற்றுப் பாருங்கள். நடுவில் எந்தப் பகா எண்ணும் விடுபடவில்லை. அடுக்குகள் எங்கும் ஏறவில்லை. இது தற்செயல் அல்ல. 20 = 2² × 5, 12 = 2² × 3. இரண்டுக்கும் ஆறு காரணிகள். 3 இருக்க 5ஐ எடுத்ததால் 20 தோற்றது. பட்டியலில் உள்ள எண்களில் கடைசிப் பகா எண்ணின் அடுக்கு எப்போதும் 1தான். 4, 36 இரண்டு மட்டுமே விலக்கு. நிரூபித்தவர் ராமானுஜன். ஏன் அந்த இரண்டு மட்டும் என்று யோசித்து ஒரு வாரம் போனாலும் நஷ்டமில்லை.

5. எவ்வளவு பெரியவர் எழுதியதானாலும் சரிபாருங்கள். 102 எண்கள் கொண்ட அந்தப் பட்டியலில் ஒன்று விட்டுப்போயிருக்கிறது: 293318625600. இதனால் அவர் மதிப்பு ஒரு துளியும் குறையாது. அத்தனையும் கையால் போட்ட கணக்கு. அந்த எண்ணுக்கு 5040 காரணிகள். அதை 23ஆல் பெருக்குங்கள்; பட்டியலின் கடைசி எண்ணே வரும்.

6. லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பணமுடை இருந்ததால் கட்டுரையின் ஒரு பகுதி அப்போது அச்சேறவில்லை. அது 1997இல்தான் வெளிவந்தது. தேடிப் படியுங்கள்.

7. காரணிகளின் எண்ணிக்கையாக வந்த 5040, 10080 இரண்டும் அதே பட்டியலில் இருப்பவை. 5040க்கு எத்தனை காரணிகள்? இன்று ராத்திரியே நோட்டில் போட்டுப் பாருங்கள்.