போனைத் திறந்துவிட்டீர்கள், வாரன்டி போய்விட்டதா?

கேள்வி: கடலூர் முதுநகரில் மீன் ஏலக் கணக்கு எழுதுகிறேன். பத்து மாதத்துக்கு முன் பதினைந்தாயிரம் ரூபாய்க்கு வாங்கிய போன் கீழே விழுந்து டிஸ்ப்ளே உடைந்துவிட்டது. சர்வீஸ் சென்டரில் ஆறாயிரம் கேட்டார்கள். ஆன்லைனில் டிஸ்ப்ளே வாங்கி, வீடியோ பார்த்து நானே மாற்றினேன். நன்றாகத்தான் ஓடியது. மூன்று வாரம் கழித்து சார்ஜ் ஏறுவது நின்றுவிட்டது. கொண்டுபோனால், "ஓபன் பண்ணிருக்கீங்க சார், வாரன்டி போச்சு, போர்டு மாத்தணும், ஒன்பதாயிரம் ஆகும்" என்கிறார்கள். எனக்கு ஏதாவது வழி உண்டா?

பதில்: உண்டு. ஆனால் முதலில் இரண்டு பழுதையும் தனித்தனியாகப் பிரித்துவிடுங்கள். கீழே விழுந்து உடைந்த டிஸ்ப்ளேயைச் சாதாரண வாரன்டியில் எந்தக் கம்பெனியும் எடுப்பதில்லை. அதை நீங்கள் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் அதற்கு உங்களுக்கு ஒன்றும் வந்திருக்காது. பேச்சு முழுக்க சார்ஜ் ஏறாமல் போனதைப் பற்றித்தான். அது தயாரிப்பிலேயே இருந்த கோளாறா, நீங்கள் திறந்தபோது ஏற்பட்டதா? சென்டர் இதற்குப் பதில் சொல்லவே இல்லை. திறந்திருக்கிறது என்று மட்டும் சொல்லித் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். திறந்திருப்பது வேறு, திறந்ததால் கெட்டுப்போவது வேறு. உங்கள் வழக்கு என்று ஒன்று இருந்தால் அது இந்த இடைவெளியில்தான் இருக்கிறது.

போன் பெட்டியில் வந்த வாரன்டி அட்டையை எடுத்துப் படியுங்கள். தொலைந்திருந்தால் கம்பெனியின் இணையதளத்தில் இருக்கும். அதில் விலக்குகள் பகுதி எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்பது முக்கியம். சில கம்பெனிகள், அங்கீகாரம் இல்லாதவர் செய்த வேலையால் உண்டான சேதத்துக்கு வாரன்டி பொருந்தாது என்று எழுதுகின்றன. ஆப்பிளின் வாரன்டி வாசகம் இந்த வகை. சில, வெளியாள் திறந்தாலே வாரன்டி ரத்து என்று ஒட்டுமொத்தமாக எழுதிவிடுகின்றன. முதல் வகை என்றால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. சேதம் உங்கள் வேலையால்தான் வந்தது என்று காட்டாமல் அவர்கள் மறுப்பது அவர்கள் எழுதிக்கொடுத்த வாசகத்துக்கே முரண். இரண்டாவது வகை என்றால் போராட்டம் கடினம், ஆனாலும் கதவு மூடிவிடவில்லை.

அதற்குக் காரணம் கார் விவகாரத்தில் வந்த ஓர் உத்தரவு. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களை வெளியே கிடைக்கவிடாமல் வைத்திருந்தது முக்கியக் குற்றச்சாட்டு. அதே உத்தரவில் வாரன்டி பற்றியும் ஆணையம் பேசியது. வெளி மெக்கானிக்கிடம் விட்டால் வாரன்டி ரத்து என்று பொத்தாம்பொதுவாக நிபந்தனை போடக் கூடாது, வெளியில் செய்த தவறான வேலையால் எந்த அளவுக்குச் சேதமோ அந்த அளவுக்கு மட்டும், சூழ்நிலை அதை நியாயப்படுத்தினால் மட்டும், வாரன்டியை மறுக்கலாம் என்றது. இது கார்களுக்குச் சொன்னது. போன் கம்பெனியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. தன் கையாலேயே திறந்தவருக்கு இதை நீட்ட முடியுமா என்பதிலும் எதிர்த்தரப்பு வாதாடும். ஆனால் கம்பெனிக்கு எழுதும் கடிதத்தில் சேர்ப்பதற்கும் நுகர்வோர் ஆணையத்தின் முன் வைப்பதற்கும் இந்த நாட்டிலேயே பிறந்த நல்ல வாதம் இது. அமெரிக்காவில் 1975ஆம் ஆண்டின் வாரன்டிச் சட்டத்தைக் காட்டி, வெளி உதிரிபாகம் போட்டாலோ ஸ்டிக்கர் கிழிந்தாலோ வாரன்டி போச்சு என்பதுபோல் சொன்ன ஆறு கம்பெனிகளுக்கு அந்நாட்டு மத்திய வணிக ஆணையம் 2018இல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது. நம்மிடம் அப்படி ஒரு தனிச் சட்டம் இல்லை. இல்லாததை இருப்பதாக நினைத்துக் கவுன்டரில் சத்தம் போடாதீர்கள்.

இனி சென்டர்காரர் உள்ளே என்ன பார்ப்பார் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பின்கவரைச் சூடுபடுத்தி எடுத்ததும் ஒட்டுதான் முதலில் கண்ணில் படும். கம்பெனி ஒட்டு ஒரே சீரான கறுப்புப் பட்டையாக இருக்கும். கையால் ஒட்டியது மேடும் பள்ளமுமாக, டியூப் பசையின் பிசிறோடு இருக்கும். போர்டு மூடியில் ஒரு ஸ்க்ரூவின் தலையில் சிறு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். அது கிழிந்திருக்கும். சிம் தட்டு போகும் துளைக்குள்ளோ போர்டின் மேலோ ஒரு வெள்ளைப் பொட்டு இருக்கும், தண்ணீர் பட்டால் சிவந்துவிடும். இவை எல்லாம் போன் திறக்கப்பட்டதையும் நனைந்ததையும் காட்டுமே தவிர, சார்ஜ் ஏன் ஏறவில்லை என்று சொல்லாது.

ஆனால் உங்களுக்கு எதிராக உண்மையிலேயே பேசக்கூடிய தடயங்களும் உண்டு. அவற்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உள்ளே இருக்கும் ஸ்க்ரூக்கள் எல்லாம் ஒரே நீளம் கிடையாது, அரை மில்லிமீட்டர்தான் வித்தியாசம் இருக்கும். நீளமானதைக் குட்டையானதன் துளையில் போட்டு முறுக்கினால் அது போர்டுக்குள் இறங்கி, உள்ளே ஓடும் மெல்லிய செம்புக் கோடுகளை அறுத்துவிடும். அன்றைக்கே தெரியாமலும் போகலாம். இன்னொன்று, பேட்டரி கனெக்டரைக் கழற்றாமலே டிஸ்ப்ளே ஸ்ட்ரிப்பை மாட்டுவது. மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும்போது முனைகள் கோணலாக உரசினால் ஷார்ட் ஆகும். பல போன்களில் சார்ஜிங் பின் இருக்கும் கீழ்ப்போர்டை மெயின் போர்டோடு இணைக்கும் ஸ்ட்ரிப், டிஸ்ப்ளே மாற்றும்போது கழற்றி மாட்ட வேண்டிய இடத்திலேயே இருக்கிறது. அது சரியாக உட்காராமல் இருந்தாலும், மடிந்து கிழிந்திருந்தாலும் சார்ஜ் ஏறாது. அப்படியானால் போர்டில் குறையே இல்லை, சில நூறு ரூபாய் வேலை. ஒன்பதாயிரம் கொடுப்பதற்கு முன், சார்ஜிங் பின்னையும் கீழ்ப்போர்டையும் சோதித்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள்.

மீன் ஏலத்தில் நிற்கிறவர் என்பதால் ஒன்று கூடுதலாக. ஈரக் கையோடும் உப்பு நீரோடும் புழங்கும் போனில் சார்ஜிங் பின்னில் பச்சை பூப்பது சகஜம். ஐபி68 என்று பெட்டியில் போட்டிருந்தாலும் அது நல்ல தண்ணீரில் செய்த சோதனை. கடல்நீருக்கு அதில் உத்தரவாதம் கிடையாது. நீங்கள் ஒருமுறை பின்கவரை எடுத்துவிட்டால் அந்தத் தடுப்பும் போனதுதான். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயலோடு தென்பெண்ணை பெருகியபோது நனைந்த போன்களுக்கும் இதே பதில்தான்: தண்ணீர் சேதம் சாதாரண வாரன்டியில் வராது, தனியாக எடுத்த இன்சூரன்ஸ் இருந்தால் மட்டுமே உண்டு.

இப்போது செய்ய வேண்டியது. மறுபடியும் சென்டருக்குப் போங்கள். ஜாப் ஷீட் போடச் சொல்லுங்கள். வாய்மொழியாகத் திருப்பி அனுப்பியதற்கு எந்த மதிப்பும் இல்லை. போனைக் கொடுக்கும்போதும் திரும்ப வாங்கும்போதும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். கவுன்டரில் இருக்கும் பையன் சம்பளத்துக்கு வேலை செய்கிறவர், முடிவு அவர் கையில் இல்லை. அவரிடம் கோபப்பட்டு ஒன்றும் ஆகாது. "தம்பி, டிஸ்ப்ளே நான்தான் மாத்தினேன், ஒத்துக்கிறேன். ஆனா சார்ஜ் ஏறாததுக்கு எந்தப் பார்ட் காரணம், அது எதனால கெட்டுச்சுன்னு ஷீட்டுல எழுதிக் குடுங்க" என்று கேளுங்கள். திறக்கவே இல்லை என்று பொய் சொல்லாதீர்கள். ஒட்டைப் பார்த்ததும் தெரிந்துவிடும். பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்பமாட்டார்கள். அவர்கள் உள்ளே சேதம் என்று காட்டினால் அதன் போட்டோவைக் கேளுங்கள். "வாடிக்கையாளரால் ஏற்பட்ட சேதம்" என்று அச்சடித்த தாளில் கையெழுத்து கேட்டால், "இதை ஏற்கவில்லை, போனைத் திரும்பப் பெற்றேன்" என்று உங்கள் கையால் எழுதிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

இங்கே பலர் சறுக்குகிறார்கள்: அவசரத்துக்குப் பணம் கட்டி போர்டை மாற்றிவிட்டு, பிறகு வழக்குப் போட வருகிறார்கள். பழைய போர்டைப் பெரும்பாலும் சென்டரே வைத்துக்கொள்ளும். அதுதான் உங்கள் சாட்சி. வழக்காடுவது என்று முடிவு செய்தால் போனை அப்படியே வையுங்கள். இன்னொரு கடையில் திறந்து பார்க்கச் சொல்லாதீர்கள். கழற்றிய உடைந்த டிஸ்ப்ளே, புதியதற்கான ஆன்லைன் பில், போன் வாங்கிய பில், மாற்றிய பிறகு போன் சரியாக ஓடியதைக் காட்டும் ஏதாவது வீடியோ, எல்லாவற்றையும் ஒரே கவரில் போடுங்கள். மூன்று வாரம் சார்ஜ் ஏறியது என்பது உங்களுக்குச் சாதகமான விஷயம், அதைக் காட்டும் எதையும் அழிக்காதீர்கள்.

அடுத்து கம்பெனியின் குறைதீர் மின்னஞ்சலுக்கு ஜாப் ஷீட்டை இணைத்து எழுதுங்கள். பதில் சரியில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகாரைப் பதிவு செய்து கம்பெனிக்கு அனுப்புவார்கள். தீர்ப்புச் சொல்லும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. ஆனால் கவுன்டரில் அசையாத விஷயம் அங்கே போனதும் சில நேரம் அசைகிறது. பாதிச் செலவை ஏற்கிறோம், உழைப்புக் கூலி வேண்டாம் என்று கம்பெனி இறங்கி வந்தால், உங்கள் நிலையில் அதை வாங்கிக்கொள்வதே புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

அதுவும் ஆகவில்லை என்றால் கடலூர் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34ஆவது பிரிவில் உங்களுக்கு ஒரு பெரிய வசதி இருக்கிறது: நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். கம்பெனி டெல்லியில் இருந்தாலும், சென்டர் புதுச்சேரியில் இருந்தாலும், சிதம்பரத்துக்காரரும் முதுநகர்க்காரரும் கடலூரிலேயே நிற்கலாம். வாங்கிய விலை 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. இணையத்திலும் தாக்கல் செய்யலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் போட வேண்டும். விற்ற கடை, கம்பெனி, சர்வீஸ் சென்டர் மூன்றையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள்.

பலவீனம் எங்கே என்றால், குறையை நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில். சேவைக் குறைபாட்டை நிரூபிக்க வேண்டியவர் புகார்தாரர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2021இல் ஒரு வழக்கில் தெளிவாகச் சொன்னது. இங்கே உங்களுக்கு உதவுவது 2019 சட்டத்தின் 38ஆவது பிரிவு. சோதனை இல்லாமல் குறையைக் கண்டுபிடிக்க முடியாது என்றால், ஆணையம் பொருளை முத்திரையிட்டு ஆய்வகத்துக்கு அனுப்பலாம். ஆய்வகம் 45 நாளில் அறிக்கை தர வேண்டும் என்பது விதி. அதற்கான கட்டணத்தை முதலில் உங்களைக் கட்டச் சொல்லலாம். இந்த மனுவைப் போடாமலே, கம்பெனிதான் பொய் சொல்கிறது என்று வாதாடிக்கொண்டிருப்பவர்கள் தோற்றுப்போகிறார்கள். புகாரோடு சேர்த்தே ஆய்வு மனுவையும் கொடுங்கள். சட்டம் சொல்லும் கால அளவு, சோதனை தேவைப்பட்டால் 5 மாதம். நடைமுறையில் அதைத் தாண்டுவது உண்டு என்பதையும் மனதில் வைத்து, பதினைந்தாயிரம் ரூபாய் போனுக்கு எத்தனை நாள் வேலையை விட முடியும் என்று கணக்குப் போடுங்கள்.

நீங்களே செய்யாமல் கடையில் கொடுத்து மாற்றியிருந்தால் கதை கொஞ்சம் வேறு. அந்தக் கடையும் சேவை தந்தவர்தான், அவர் வேலையால் கெட்டிருந்தால் அவர்மேலும் புகார் நிற்கும். அதற்கு பில் வேண்டும். பில் தர மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை என்று 2019 சட்டம் சொல்கிறது. "பில்லு வேணாம், நம்ம கடைதானே" என்ற பேச்சுக்கு மயங்காதீர்கள்.

பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022 ஜூலையில் குழு அமைத்தது, அந்த ஆண்டு டிசம்பர் 24 அன்று அதற்கென ஓர் இணையதளமும் திறந்தது. எந்தப் போனை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று மதிப்பெண் போடும் திட்டத்துக்கான குழுவின் அறிக்கை 2025 மே மாதம் அரசிடம் போனது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் முதல் போன் கம்பெனிகள் முக்கிய உதிரிபாகங்களை, அந்த மாடலின் விற்பனை நின்ற பிறகும் 7 ஆண்டு வரை தந்தாக வேண்டும். ஆறாயிரம் ரூபாய் டிஸ்ப்ளேக்குப் பயந்து வீட்டு மேசையில் போனைப் பிரிக்கும் நிலைக்கு ஒரு கணக்கெழுத்தர் தள்ளப்படுவது அவர் தவறு அல்ல. உதிரிபாகமும் செய்முறைக் குறிப்பும் நியாய விலைக்குக் கிடைக்கும் நாள் நம் ஊருக்கும் வர வேண்டும்.

கடைசியாக, பேட்டரி. போன் முதுகு உப்பி, டிஸ்ப்ளே மேலே எழும்பியிருந்தால் வாரன்டி இருந்தாலும் இல்லாவிட்டாலும் நீங்கள் திறக்காதீர்கள். உப்பிய லித்தியம் பேட்டரியில் ஸ்க்ரூ டிரைவர் நுனி குத்தினால் தீப்பிடிக்கும். அப்படி ஒரு விபத்தில் யாருக்காவது காயம் பட்டால், பொருள் மாற்றியமைக்கப்பட்டிருந்தது என்று சொல்லி விற்றவர் அதே 2019 நுகர்வோர் சட்டத்தின் 87ஆவது பிரிவின்கீழ் பொறுப்பிலிருந்து தப்பிக்கவும் முடியும். உங்கள் போனில் இப்போது சார்ஜ் ஏறவில்லை என்பதால், வேறு வேறு சார்ஜரை மாட்டி இரவு முழுக்க விட்டுப் பார்க்கும் பழக்கத்தையும் இன்றோடு நிறுத்துங்கள். போனை அணைத்து, அந்தக் கவரிலேயே போட்டு வையுங்கள். வாரன்டி முடிய இன்னும் இரண்டு மாதம்கூட இல்லை. ஜாப் ஷீட்டில் தேதி அதற்குள் விழ வேண்டும்.